மலைப்பாதையும் தானியங்கிக் கியரும்

பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் வாழும் தமிழர் மூணாற்றிலுள்ள உறவினரைக் காணப் புறப்பட்டால், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சின்னாறு, மறையூர் வழியே மீண்டும் கேரளத்துக்குள் ஏறுவதே வழக்கம். தேவிகுளம், பீருமேடு வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்வோர் போடிக்கோ கம்பத்துக்கோ வந்து போவதற்கும் மலையைத்தான் கடந்தாக வேண்டும். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்றமோ ஏறத்தாழ 1,000 மீட்டர்.

இப்பாதைகளில் தாமே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் இன்று மிகுதியாக ஓடுகின்றன. இடக் காலுக்கும் இடக் கைக்கும் ஓய்வு தரும் வண்டி யாருக்குத்தான் வேண்டாம்? ஆனால் பாதி மலையில் கியர் மாறாமல் வண்டி திணறி நின்றுவிட்டால், அடிவாரத்துப் பட்டறையில் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் கிடைக்கிறது: ‘கியர் பாக்ஸ் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்.’ குடும்பத்தின் ஆண்டுச் சேமிப்பை விழுங்கக்கூடிய தீர்ப்பு அது. அதற்கு உடன்படுமுன் விசாரிக்கப்பட வேண்டிய சிறிய உறுப்பு ஒன்று உண்டு. அதன் பெயர் சோலனாய்டு.

1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் ‘ஹைட்ரா-மாட்டிக்’ என்னும் கியர் பெட்டியை வெளியிட்டபோது, கியரை எப்பொழுது மாற்றுவது என்பதை எண்ணெயின் அழுத்தமே முடிவு செய்தது. இன்று அம்முடிவை ஒரு கணினி எடுக்கிறது. கணினி மின்சாரத்தை அனுப்புகிறது. செம்புக் கம்பிச் சுருளான சோலனாய்டு காந்தமாகித் தன்னுள் இருக்கும் சிறு இரும்புத் தண்டை இழுக்கிறது. அதனால் எண்ணெய் செல்லும் ஒரு துளை திறக்கும் அல்லது மூடும். அந்த எண்ணெயின் அழுத்தமே உள்ளிருக்கும் கிளச்சுகளைப் பிடித்து இரண்டாம் கியரையோ மூன்றாம் கியரையோ கொடுக்கிறது. சோலனாய்டு வாயிற்காவலனைப் போன்றது. அவன் கதவைத் திறக்கவில்லை என்பதற்காக மாளிகையையே இடித்துவிடுவது முறையன்று.

நம் நாட்டில் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயரில் பல வகைப் பெட்டிகள் விற்கப்படுகின்றன. நாம் மேலே கூறியது டார்க் கன்வெர்ட்டர் கொண்ட வகை. 2014இல் மாருதி செலிரியோவுடன் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. என்பது, சாதாரணக் கியர் பெட்டியின் மேல் கிளச்சையும் கியரையும் இயக்கும் ஒரு கருவியைப் பூட்டியது. சி.வி.டி. வகையில் பட்டையும் கப்பிகளும் உண்டு. நம் வண்டி எவ்வகை என்பதைக் கையேட்டைப் பார்த்து அறிந்து வைப்பது முதற்கடமை. ஒரு வகைக்குரிய எண்ணெயை மற்றொன்றில் ஊற்றினால், சோலனாய்டில் தொடங்கிய சிறு குறை உண்மையிலேயே பெட்டியின் மரணத்தில் முடியும்.

குறையின் அறிகுறிகள் யாவை? கியர் மாறும்போது வண்டி குதிக்கும். அல்லது எஞ்சின் வேகம் வீணே ஏறிப் பின்பு கியர் விழும். அல்லது எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி ஒரே கியரில் நிலைத்துவிடும். இந்தக் கடைசி நிலை, பெட்டிக்குத் தீங்கு நேராதிருக்கக் கணினி தானே செய்துகொள்ளும் ஏற்பாடு. சமவெளியில் அந்த ஒரே கியரில் மெல்ல ஊர்ந்து பட்டறையை அடைந்துவிடலாம். ஏற்றத்தில் அப்படி வலிந்து ஓட்டினால் எண்ணெய் கொதிப்பேறும். ஆதலின் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி, கைப்பிரேக்கை இட்டு, சக்கரத்துக்குக் கல்லும் வைத்து, எஞ்சினை நிறுத்திச் சற்று ஆறவிட வேண்டும். மீண்டும் கிளப்பினால் கியர்கள் திரும்புவதுண்டு. அது குறை நீங்கியதாகாது, அருகிலுள்ள ஊரை அடையக் கிடைத்த தவணை மட்டுமே. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு உருட்டிச் செல்வதை ஒருபோதும் செய்யற்க. முன்சக்கரங்களால் இயங்கும் வண்டியை இழுத்துச் செல்ல நேர்ந்தால் அச்சக்கரங்கள் தரையில் படாதபடி தூக்கியே செல்ல வேண்டும். எஞ்சின் நின்றிருக்கையில் பெட்டிக்குள் எண்ணெய்ப் பம்பும் நின்றிருக்கும் அன்றோ?

பட்டறையில் ஸ்கேனர் கருவி ஒரு குறி எண்ணைக் காட்டும். பி-0753 என்றால் முதல் சோலனாய்டின் மின்சுற்றில் குறை. பி-0751 என்றால் மின்சுற்று நன்று, ஆயினும் வேலை நடக்கவில்லை. தண்டு சிக்கியிருக்கலாம், எண்ணெயில் அழுக்கு இருக்கலாம். இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் உறுப்பை மாற்றும் மெக்கானிக்கிடம் நாம் பணத்தைக் கொடுத்துச் சோதனை செய்விக்கிறோம் என்பதே பொருள்.

மின்சுற்றுக் குறையானால், பெட்டியைத் திறக்குமுன் வெளியிலுள்ள கம்பிகளைப் பார்க்க வேண்டும். இடுக்கி மழையில் இணைப்பு முனைகள் பச்சை பூத்துவிடும். தோட்டத்து வீடுகளில் இரவு நிற்கும் வண்டியின் கம்பிகளை எலி கடிப்பதும் புதிதன்று. அடுத்து மீட்டர் கொண்டு சுருளின் தடையை அளந்து, கையேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிட வேண்டும்.

இவ்விடத்தில்தான் மலைநாட்டார் ஏமாறுகிறார்கள். செம்பின் தடை, வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை ஏறுந்தோறும் நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு கூடும். 20 பாகையில் 14 ஓம் உள்ள சுருள், 100 பாகையில் 18 ஓம் காட்டுவது இயல்பே. ஆனால் மயிரிழை போல் விரிசல் கண்ட கம்பி, குளிர்ந்திருக்கையில் தொட்டுக்கொண்டு நின்று, எண்ணெய் சூடேறியதும் விலகிவிடும். மலையில் மக்கர் செய்த வண்டி, மறுநாள் காலை பட்டறையில் நல்ல பிள்ளையாக நிற்பது இதனால்தான். ‘ஒன்றும் இல்லையே, சேட்டா’ என்ற பதிலோடு திரும்பி வந்தவர் பலர். எனவே, “சூடாக இருக்கும்போதும் அளந்து பாருங்கள்” என்று கேளுங்கள். எந்த வளைவில், எத்தனை நிமிட ஏற்றத்துக்குப் பின், எந்தக் கியரில் குறை தோன்றியது என்று ஒரு தாளில் குறித்துக் கொடுங்கள். மலையாளம் தடுமாறினாலும் அந்தக் குறிப்பு தடுமாறாது. சோலனாய்டு என்ற சொல்லோ வாளையாற்றுக்கு இருபுறமும் ஒன்றுதான்.

திறந்து போட் டு கேட்கும் சத்தத்தை நம்பிச் சோதிப்பவர்களும் உண்டு. பேட்டரியின் 12 வோல்ட்டை நேரே கொடுத்து ‘டிக்’ ஒலி வருகிறதா என்று பார்க்கும் அம்முறை, திறப்பதும் மூடுவதும் மட்டுமே தொழிலான சோலனாய்டுக்குப் பொருந்தும். அழுத்தத்தைப் படிப்படியாகக் கட்டுப்படுத்தும் வகையின் தடை ஏறத்தாழ 5 ஓம் அளவே இருக்கும். அதற்கு நேரடி மின்சாரம் கொடுத்தால் சோதனையே அதைப் பொசுக்கிவிடும்.

எண்ணெய் கறுத்துக் கருகல் நாறினாலோ, அடித்தட்டில் உராய்வுப் பொருளும் உலோகத் துகளும் குவிந்திருந்தாலோ, உள்ளே கிளச்சுகள் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம். அந்நிலையில் புதிய சோலனாய்டு பயனளிக்காது. பெரிய செலவை ஏற்கவே வேண்டும். எண்ணெய் தெளிவாக இருந்தால், வால்வு பாடியை இறக்கிக் குறையுள்ள சோலனாய்டை மட்டும் மாற்றி, வடிகட்டியையும் எண்ணெயையும் புதுப்பித்தாலே போதும். அவ்வேலைக்கு நூல் உதிராத துணியும் தூசியற்ற மேசையும் வேண்டும். சாலையோரப் புழுதியில் செய்யத்தக்கதன்று.

மாற்றியபின் கணினியின் பழைய நினைவை அழித்து, புதிய உறுப்புக்கேற்பக் கற்பிக்க வேண்டிய வண்டிகள் உள. அதை மறந்தால் கியர் குதித்துக்கொண்டே இருக்கும். பட்டறையைச் சுற்றியுள்ள சமவெளியில் ஓட்டிக் காட்டியதும் பணத்தைக் கொடுத்துவிடாமல், மெக்கானிக்கையும் உடன் அமர்த்திக்கொண்டு மலையின் முதற் சில வளைவுகளாவது ஏறி இறங்குங்கள். எண்ணெய் நன்கு சூடேறிய அந்நிலையில் ஸ்கேனரை மறுபடியும் பூட்டி, குறி எண் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையேடு கூறும் வெப்பநிலையில் எண்ணெயின் அளவையும் ஒருமுறை சரிபார்த்த பின்னரே வண்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.