விதை கூடையில் இருக்கிறது, நிலமும் சந்தையும்?

(விவசாய அரங்கத் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)



தெலங்கானாவின் ஜஹீராபாத் வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்கே தலித் பெண் விவசாயிகளின் வீடுகளில் மூங்கில் கூடைகளைக் காணலாம். சாம்பலும் வேப்பிலையும் கலந்து, வாயை மண்ணால் பூசி மூடிய அக்கூடைகளுக்குள் சோளம், தினை, சாமை, துவரை, கொள்ளு எனப் பலவகை விதைகள் உறங்குகின்றன. 1983இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் துணையோடு, ஊர்தோறும் அமைந்த மகளிர் சங்கங்கள் இவ்வழக்கத்தைப் பொது விதை வங்கியாக வளர்த்தெடுத்தன. விதை பெறுகிறவர் காசு தருவதில்லை. அறுவடை முடிந்ததும் பெற்றதைவிடக் கூடுதலாக விதையையே திருப்பி அளக்கிறார்.

இவ்விதைகள் மறையத் தொடங்கியது ஏன்? அதே 1983இல் ஆந்திரத்தில் இரண்டு ரூபாய் அரிசித் திட்டம் வந்தது. பசித்த வயிற்றுக்கு அரிசி கிடைத்ததை இழித்துப் பேசுவோருடன் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அரசு கொள்முதல் செய்தது நீர்ப்பாசன வயல்களின் நெல்லைத்தான். புன்செய்ச் சோளத்தைக் கேட்பார் இல்லை. நில உச்சவரம்பின் பெயரால் தலித் குடும்பங்களுக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் கல்லும் சரளையுமான நிலம். உழ முதலின்றி அது தரிசாயிற்று. கூலி நாட்கள் குறைந்தன. சில ஆண்டுகள் விதைக்கப்படாத விதை முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதை உழவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

1990களில் சங்கங்கள் இதற்கு விடை கண்டன. தரிசை உழவும் எருவிடவும் கடன் தரப்பட்டது. கடன் சோளமாகவே திரும்பியது. அச்சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வேலையற்ற மாதங்களில் வறியவர்க்குக் குறைந்த விலையில் அளக்கப்பட்டது. யார் வறியவர் என்பதை அதிகாரியல்ல, ஊரே பொதுவில் கூடி முடிவு செய்தது. விதை வங்கி உயிர் பெற்றது இங்குதான்: விதைக்க நிலமும் விளைந்ததை வாங்க ஆளும் இருந்தபோது.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை அளிக்கிறது. வணிக முத்திரையிட்டு விற்பதை மட்டுமே தடுக்கிறது. ஆயினும் 2019இல் குஜராத்தில் ஓர் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதற்காக பெப்சிகோ நிறுவனம் உழவர்கள்மீது வழக்குத் தொடுத்தது. எதிர்ப்பு வலுத்த பின்னரே வழக்கை விலக்கிக்கொண்டது.

2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் சிறுதானியத்துக்கு இடமுண்டு. 2023 சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகவும் கொண்டாடப்பட்டது. தானியமோ நகரத்து அங்காடிகளில் பளபளக்கும் உறைகளுக்குள் ஏறியது. பெரும்பாலான நியாயவிலைக் கடைகளில் அரிசியும் கோதுமையுமே தொடர்கின்றன. ஒடிசா, 2017இல் தொடங்கிய சிறுதானிய இயக்கத்தின் வழியே கேழ்வரகை ஆதரவு விலையில் கொள்முதல் செய்து விநியோகத்திலும் சேர்த்தது. அரசு நினைத்தால் முடியும். ஒரு தொண்டு நிறுவனம் சில பத்து ஊர்களில் செய்ததை மாநிலமெங்கும் செய்யும் பொறுப்பு அரசினுடையதே.

எனவே கிளைத் தோழர்கள் தங்கள் பகுதியின் புன்செய் ஊர்களில் மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதி வாருங்கள்: எந்த விதை யார் வீட்டில் இருக்கிறது, நிலப் பட்டா யார் பெயரில் இருக்கிறது, விளைந்த தானியத்தைச் சென்ற ஆண்டு யார், என்ன விலைக்கு வாங்கினார்கள். முதல் கேள்வியைப் பெண்களிடமே கேளுங்கள்.