மருத்துவருக்கும் ஓய்வு வேண்டும்



ஆம்பூர் டேனரியில் மோட்டாரோடு மல்லுக்கட்டுகிற இன்ஜினியருக்கு டாக்டர்களைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். டேனரியில் கை நசுங்கினாலும், நடு ராத்திரியில் பிரசவ வலி எடுத்தாலும் நாம் ஓடுவது அவர்களிடம்தானே!

1900-ல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை, இன்று சி.எம்.சி.யாக ஆலமரம்போல் நிற்கிறது. அந்தத் தியாகத்தைப் போற்றி வளர்ந்தவர்கள் நாம். அதனாலேயோ என்னவோ, டாக்டருக்குக் களைப்பே வராது என்று நினைத்துவிட்டோம்.

சென்ற ஆண்டு, காயம்பட்ட தொழிலாளி ஒருவரை இரவு ஒரு மணிக்கு ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தையல் போட்ட இளம் டாக்டர் சீட்டு எழுதும்போது நிமிர்ந்து, "சார், இன்னிக்கு என்ன கிழமை?" என்றார். முந்தின நாள் காலையில் டூட்டிக்கு வந்தவராம்.

இப்படியே நாள்கணக்கில் போனால் வருவதுதான் 'பர்ன் அவுட்'. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது: சக்தி வற்றிப்போவது, வேலைமேல் ஒட்டுதல் விட்டுப்போவது, தன்னால் உருப்படியாக எதுவும் முடியவில்லை என்று தோன்றுவது. இது நோயல்ல, வேலையிடத்து அழுத்தத்தைச் சரிசெய்யாமல் விட்டதன் விளைவு.

டிரம்மில் அளவுக்கு மேல் தோலைப் போட்டால் மோட்டார் சூடாகி ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகும். உடனே லோடைக் குறைக்கிறோம். மோட்டாருக்கு மன உறுதி போதாது என்று யாரும் சொல்வதில்லை. மனுஷனுக்கு அந்த ரிலே கிடையாது. யோகா வகுப்பு நல்லதுதான். ஆனால் லோடு குறையாமல் சூடு தணியாது.

ரெசிடென்ட் டாக்டர்களின் தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணிக்கு மேல் வேண்டாம் என்று பரிந்துரைத்தது. காகிதத்தில் இருப்பது வார்டுக்கு வர வேண்டும்.

நாம் செய்யக்கூடியதும் உண்டு. தொழிற்சாலை நடத்தும் நண்பர்களே, மெஷின்களுக்குப் பாதுகாப்புத் தடுப்பு போடுங்கள். கேஷுவாலிட்டிக்குப் போகும் ஒரு கேஸ் குறையும். நாளை ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போகும் மாணவர்களே, டூட்டி பட்டியல் போடும்போது தூக்கத்துக்கும் இடம் விடுங்கள். மனம் சோர்ந்த டாக்டர் யாரையாவது தெரிந்தால் 14416 டெலி மானஸ் எண்ணைச் சொல்லுங்கள், இலவசம். நோயாளியோடு போகும்போது கூட்டம் சேர்த்துச் சத்தம் போடாமல், "சாப்பிட்டீங்களா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.