இரண்டரை சென்ட்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உழைப்பாளியின் பாட்டைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் மடி வாட்டர்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அவருடைய இயற்பெயர் மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். சேற்றுத் தண்ணீரில் விளையாடிய பேரனுக்குப் பாட்டி வைத்த செல்லப்பெயர்தான் 'மடி'. மடி என்றால் அங்கே சேறு.

மிசிசிப்பி மாநிலத்தில் ஸ்டோவால் என்றொரு பருத்திப் பண்ணை. அங்கேதான் அவர் வளர்ந்தார். நிலம் முதலாளியுடையது, கணக்குப் புத்தகமும் முதலாளியுடையதே! ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால், வாரத்துக்குப் பயிரிட்டவன் தலையில் பெரும்பாலும் கடன்தான் மிஞ்சும். அந்த வாழ்க்கையின் பாட்டுத்தான் புளூஸ்.

1941இல் ஆலன் லோமாக்ஸ் என்பவர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அங்கே வந்து அவர் பாட்டைப் பதிவு செய்தார். தன் குரலைத் தானே கேட்டபோதுதான், 'நம்மாலும் முடியும்' என்ற துணிவு அவருக்குப் பிறந்தது.

1943இல் டிராக்டர் ஓட்டிய அவருக்கு மணிக்கு 22½ சென்ட் கூலி. 25 சென்ட் கேட்டார். அதிகம் கேட்டது வெறும் இரண்டரை சென்ட்! மேற்பார்வையாளன் மறுத்தான். அவர் சிகாகோவுக்கு ரயிலேறினார். 1910 முதல் 1970 வரை இப்படித் தெற்கை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர்.

சிகாகோவில் காகித ஆலையில் வேலை செய்தார்; லாரி ஓட்டினார். இரவில் மதுக்கடைகளில் பாடினார். அந்த இரைச்சலில் சாதாரண கிட்டார் எடுபடவில்லை. மின்சாரக் கிட்டாரைக் கையில் எடுத்தார். 1948இல் வந்த அவருடைய இசைத்தட்டை, அவரைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள் தேடி வாங்கினார்கள். அவருடைய பாட்டொன்றின் பெயரைத்தான் இங்கிலாந்தின் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழு 1962இல் தனக்குச் சூட்டிக்கொண்டது.

புகழ் வந்தது. பணம் முழுதாக வந்ததா? பாடல் உரிமையை வைத்திருந்த நிறுவனம் தனக்குச் சேரவேண்டியதைத் தரவில்லை என்று 1970களில், பாடலாசிரியர் வில்லி டிக்சனைப் போலவே, அவரும் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஏற்பட்டது. 1983இல் மறைந்தார்.

தோழர்களே! வயலில் ஒரு கணக்குப் புத்தகம். இசைத்தட்டு உலகில் இன்னொரு கணக்குப் புத்தகம். இரண்டும் அடுத்தவன் கையில்! இரண்டு இடத்திலும் அவர் வாய்மூடி இருக்கவில்லை, கேட்டார். நம் பிள்ளைகளுக்குப் பாட்டும் கற்றுக்கொடுப்போம். கணக்குப் பார்க்கவும் கற்றுக்கொடுப்போம்.