சூது இல்லாத ஆடுகளம்
(அறக்கட்டளை விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இரவு உண்ணா நோன்பைக் கடைப்பிடிக்கும் சமண இல்லங்களில், கதிரவன் மறைவதற்குள் அடுப்படி வேலை முடிந்துவிடுகிறது. அதன்பின் உறங்கச் செல்லும் வரை இரண்டு அல்லது மூன்று மணி நேரம் எஞ்சுகிறது. முற்காலத்தில் அந்நேரம் திண்ணையிலும் முற்றத்திலும் கழிந்தது. புராணக் கதை கேட்டனர், தோத்திரம் பாடினர், சிறுவர் சிறுமியர் தரையில் சுண்ணாம்புக் கோடு கிழித்து ஆடினர். இன்று அதே நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி ஒளிர்கிறது. விழாவுக்காகச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சொந்த ஊர் வரும் பேரக்குழந்தைகள், பாட்டி தாத்தாவுடன் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தும், "சாப்பிட்டாயா, எத்தனையாவது வகுப்பு" என்ற இரு கேள்விகளுக்கு மேல் பேச்சு நீளாமல் போகிறது. இருவருக்கும் பொதுவான செய்தி இல்லை என்பதே காரணம். ஒரு பலகையும் சில காய்களும் நடுவில் வைக்கப்பட்டால் அந்தப் பொதுப்பொருள் பிறந்துவிடும்.

இவ்விடத்தில் பெரியோர் சிலர் ஒரு தடை எழுப்புவர். ஏழு வியசனங்களில் முதலில் வைத்து எண்ணப்படுவது சூது. திருக்குறளின் 94ஆம் அதிகாரம் முழுவதும் அதனைக் கடிந்து நிற்கிறது. அவ்வாறிருக்க, சிராவகர் இல்லத்தில் தாயக்கட்டை உருளலாமா என்பது அவர்களுடைய வினா. அது புறந்தள்ளத்தக்க வினா அன்று. தாயக்கட்டையைத் தொடவே விடாத தாத்தாக்கள் பலர் இருந்தனர். அவர்கள் அறியாமையால் அவ்வாறு செய்யவில்லை. சூதினால் நிலமும் வீடும் இழந்த குடும்பங்களைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள்.

ஆயினும் சூதின் உயிர் கட்டையில் இல்லை, பணயத்தில் இருக்கிறது. பொருளைப் பணயமாக வைக்கும்போது பிறர் இழப்பில் தன் ஊதியத்தை எதிர்பார்க்கும் மனம் உருவாகிறது. அந்த எதிர்பார்ப்பே லோபம். பணயம் நீங்கினால் எஞ்சுவது கணக்கும் கவனமும் உறவும் ஆகும். ஆகவே ஓர் ஆட்டத்தை வீட்டுக்குள் அழைக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். பணயம் வைக்காமலே அது சுவைக்கிறதா? பெரியவரும் சிறியவரும் ஒப்ப அமர்ந்து ஆட முடிகிறதா? தோற்றவர் மனத்தில் அது எதனை விட்டுச் செல்கிறது? இக்கேள்விகளில் தேறிய ஆட்டங்கள் சிலவற்றை இங்கே காணலாம்.

முதலாவது பல்லாங்குழி. வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள், ஆடுவோர் இருவர். குழிக்கு ஐந்து காய்கள் இடுவதும் உண்டு, ஆறு இடுவதும் உண்டு. ஆறு இட்டால் மொத்தம் 84. தன் பக்கத்துக் குழி ஒன்றிலுள்ள காய்கள் அனைத்தையும் எடுத்து, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாக இட்டுச் செல்ல வேண்டும். கையில் உள்ளவை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடரலாம். அக்குழி வெறுமையாயின் அதனைத் துடைத்துவிட்டு, அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்களை எடுத்துக்கொள்ளலாம். அத்துடன் முறை மற்றவரைச் சேரும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதனை எடுத்துக்கொள்வார்.

இவ்வாட்டத்தின் சிறப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் கொடுப்பதில்தான் தொடங்குகிறது. கைநிறைய அள்ளியவர் தம் குழிக்கும் எதிரிலிருப்பவர் குழிக்கும் வேறுபாடின்றி ஒவ்வொன்றாக இட்டே தீர வேண்டும். காய்களைப் பதுக்கி வைத்து வெல்ல இயலாது. எண்ணக் கற்கும் வயதுக் குழந்தையும் கண்பார்வை மங்கிய பாட்டியும் விரல் நுனியால் ஆடக்கூடிய ஆட்டம் இது. பலர் சோழிகளை இட்டு ஆடுவர். சோழி ஒரு கடல்வாழ் உயிரின் ஓடு ஆதலின், புளியங்கொட்டையோ மஞ்சாடி விதையோ சிராவகர் இல்லத்துக்குப் பொருந்தும். குன்றிமணி அழகியதாயினும் நச்சு விதை; சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அது வேண்டா.

இரண்டாவது ஆடுபுலி ஆட்டம். முக்கோண வடிவக் கோட்டுப் படத்தில் 23 சந்திகள். ஒருவருக்கு மூன்று புலிகள், மற்றவருக்குப் பதினைந்து ஆடுகள். கோயில் மண்டபங்களின் கல்தளத்திலும் பாறைகளிலும் இப்படம் செதுக்கப்பட்டிருப்பதைப் பலர் கண்டிருப்பர். ஆடுகளை ஒவ்வொன்றாகச் சந்திகளில் வைக்க வேண்டும். அனைத்தையும் வைத்து முடித்த பின்னரே அவற்றை நகர்த்தலாம். ஓர் ஆட்டுக்கு நேர் பின்னே வெற்றிடம் இருந்தால் புலி தாண்டி அதனை நீக்கிவிடும். புலிகள் மூன்றும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகளுக்கு வெற்றி.

குழந்தைகள் முதலில் புலியையே கேட்பர். வலிமை அதனிடம் இருப்பதாகத் தோன்றும். சில ஆட்டங்களுக்குப் பின் அவர்களே ஆடுகளைக் கேட்கத் தொடங்குவர். பின்னால் வெற்றிடம் இல்லாத முனைகளில் முதல் ஆடுகளை நிறுத்தி, ஒன்றுக்கு ஒன்று பின்துணையாக வைத்து வந்தால் புலி செயலற்று நிற்கும். ஆடுகள் எந்தப் புலியையும் கொல்வதில்லை, கொல்லாமலே வெல்கின்றன. அஹிம்சையைச் சொல்லில் விளக்கினால் கொட்டாவி விடும் சிறுவன், இப்பலகையில் அதன் ஆற்றலைத் தானே கண்டுகொள்வான்.

இங்கு இன்னொரு நுட்பமும் எண்ணத்தக்கது. ஆட்டத்தில் 'வெட்டு', 'கொல்லு' என்னும் சொற்கள் தாராளமாக வழங்குகின்றன. ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தின் கதை தமிழ்ச் சமணருக்குப் புதிதன்று. அரசன் தாயின் வற்புறுத்தலுக்கு இணங்கி மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உயிர் எதுவும் போகவில்லை எனினும், கொல்லும் எண்ணம் நிகழ்ந்தமையால் தாயும் மகனும் பல விலங்குப் பிறவிகளில் உழன்றனர். மரக்காயை நகர்த்துவதும் மாக்கோழியைப் பலியிடுவதும் ஒன்றல்ல. பலியில் கொலைக் கருத்து உண்டு, ஆட்டத்தில் அக்கருத்து இல்லை. ஆனால் பாவ ஹிம்சை நாவிலும் வேர்விடக் கூடியது. 'பிடித்தேன்', 'திருப்பி அனுப்பினேன்' என்று சொல்லிப் பழக்கினால் ஆட்டத்தின் விறுவிறுப்பு சிறிதும் குறையாது.

மூன்றாவது தாயம். நான்கு பேர் ஆடலாம். நான்கு பட்டைகள் கொண்ட பித்தளைக் கட்டைகள் இரண்டு. பட்டைகளில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகளும் ஒரு வெறுமையும் இருக்கும். ஒரு கட்டையில் ஒன்றும் மற்றதில் வெறுமையும் விழுந்தால் தாயம். இரண்டும் வெறுமையானால் பன்னிரண்டு. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுமுறை உருட்டலாம். தாயம் விழுந்தால்தான் காய் களத்தில் இறங்கும். சுற்றி முடித்து நடுவீட்டை அடைந்த காய் 'பழம்' ஆகிவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. இரு கட்டைகளும் விழக்கூடிய வகைகள் பதினாறு. அவற்றுள் இரண்டில்தான் தாயம். எட்டு உருட்டல்களுக்கு ஒன்று என்பதே சராசரி. "எனக்கு மட்டும் விழவே மாட்டேன் என்கிறது" என்று அழும் குழந்தைக்கு இதனை எண்ணிக் காட்டினால், அதிர்ஷ்டம் என்னும் சொல்லின் மயக்கம் தெளியும்.

தாயத்தில் எழும் இடர் குரோதம். நடுவீட்டின் வாயிலில் நிற்கும் காயை மற்றவர் வெளியேற்றும்போது, பெரியவர்களே முகம் சுளிப்பதுண்டு. ஒரு காயையேனும் வெட்டாதவர் உள்சுற்றுக்குள் செல்லக் கூடாது என்ற விதியும் பல வீடுகளில் வழங்குகிறது. குடும்பத்தார் ஆடும்போது அவ்விதியை நீக்கிவிடலாம். எவருக்கும் தீங்கு செய்யாமல் வீடு அடைய ஒரு வழி இருப்பது சமண இல்லத்துக்கு ஏற்றதே. வெளியேற்றப்படும் வாய்ப்பையோ நீக்க வேண்டியதில்லை. இழப்பின்போது எழும் சினத்தை அடையாளம் கண்டு அடக்கப் பழகும் இடம், உண்மையான இழப்பு எதுவும் இல்லாத அந்தக் களமே.

நான்காவது ஆட்டம் சமண மரபோடு நேரே தொடர்புடையது. தமிழகத்தில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்படும் பரமபத சோபானத்தை அனைவரும் அறிவர். அதன் சமண வடிவம் ஞானபாஜி, ஞான சௌபட் என்னும் பெயர்களால் குஜராத், இராஜஸ்தான் பகுதிகளில் வழங்கியது. துணியிலும் தாளிலும் தீட்டப்பட்ட அப்பலகைகளில் பெரும்பாலும் 84 கட்டங்கள் இருக்கும். 84 இலட்சம் யோனி பேதங்கள் என்னும் கணக்கை அது நினைவூட்டுகிறது. ஏணிகள் நற்பண்புகள், பாம்புகள் தீக்குணங்கள், உச்சியில் சித்தசிலை. இவ்வகை ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று, பின்னர் அறப்பெயர்கள் யாவும் உதிர்ந்து, வெறும் எண்கள் கொண்ட குழந்தை விளையாட்டாகத் திரும்பி வந்தது. உதிர்ந்த பெயர்களை மீண்டும் எழுதுவது ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடிய பணி.

ஒரு வெள்ளை அட்டையில் வரிசைக்குப் பன்னிரண்டாக ஏழு வரிசைகள் வரைந்தால் 84 கட்டங்கள் கிடைக்கும். உத்தம பொறுமை முதலான பத்து அறங்களுக்கு ஏணிகளும், நான்கு கஷாயங்களுக்கும் ஏழு வியசனங்களுக்கும் பாம்புகளும் குழந்தைகளே வரையலாம். கேள்விகளும் அவர்களிடமிருந்தே வரும். "இவ்வளவு உயரத்தில் ஏன் பாம்பு?" என்று ஒரு சிறுமி கேட்கக் கூடும். அதற்கு விடை குணஸ்தானங்களில் இருக்கிறது. பதினான்கு படிகளுள் பதினோராவதான உபசாந்த மோஹத்தை எட்டிய உயிரும் அங்கே நிலைப்பதில்லை; அந்தர்முகூர்த்தத்திற்குள் இறங்கியே ஆக வேண்டும். தேற்றாங்கொட்டை தேய்த்த நீர் தெளிந்து காணப்பட்டாலும் சேறு அடியில் தங்கியிருக்கிறது; கலங்கினால் மீண்டும் மேலெழும். மோகத்தை அடக்காமல் அறவே அழித்தவரே பத்திலிருந்து பன்னிரண்டுக்குச் செல்கிறார். வகுப்பறையில் விளக்க ஒரு மணி நேரம் வேண்டிய கருத்து, ஒரு பாம்பின் வாயில் ஒரு நொடியில் விளங்கிவிடுகிறது. ஆனால் இவ்வாட்டத்தில் முயற்சிக்கு இடமில்லை, உருட்டல் மட்டுமே உண்டு என்பதையும் பெரியோர் எடுத்துரைக்க வேண்டும். வினையின் உதயம் கட்டையின் உருட்டல் போன்றதாகலாம். அதனை எதிர்கொள்ளும் விதம் உயிரின் முயற்சியைச் சார்ந்தது.

ஐந்தாவது சதுரங்கம். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்ததும், 2024இல் சென்னையைச் சேர்ந்த குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனதும் இளையோர் நன்கு அறிந்தவை. இதில் உருட்டல் இல்லை. தோல்விக்கு எவரையும் நொந்துகொள்ள இயலாது. மானம் என்னும் கஷாயம் இங்கேதான் அடிபடுகிறது. பேரன் கற்றுத் தர, தாத்தா கற்றுக்கொள்ளும் அரிய வாய்ப்பையும் இது தருகிறது. தோல்வி உறுதியானதும் தானே ஒப்புக்கொண்டு கைகொடுக்கும் மரபை முதல் நாளிலேயே கற்பிப்பது நன்று.

கல்லூரியிலும் அலுவலகத்திலும் பழகும் நண்பர்கள் வீட்டுக்கு வரும்போது புதிய ஆட்டம் ஒன்றைத் தேடும் இளைஞர்களுக்கு, 2008இல் வெளியான 'பாண்டெமிக்' பொருந்தும். இருவர் முதல் நால்வர் வரை ஆடும் இதில் எதிராளி என ஒருவர் இல்லை. உலகில் பரவும் நான்கு நோய்களுக்கும் மருந்து காண அனைவரும் சேர்ந்து திட்டமிட வேண்டும்; வென்றால் அனைவரும் வெல்வர், தோற்றால் அனைவரும் தோற்பர். கலந்து பேசாமல் ஓரடியும் எடுத்து வைக்க முடியாத ஆட்டம்.

எந்த ஆட்டமாயினும் சில நெறிகள் துணை நிற்கும். மிட்டாய் அளவுக்கும் பணயம் வேண்டா. கட்டையைத் திருப்புதல், எண்ணிக்கையை மாற்றுதல் ஆகிய சிறு மாயைகளைச் சிரித்து விட்டுவிடாமல் அன்போடு திருத்த வேண்டும். குழந்தை மகிழட்டும் என்று வேண்டுமென்றே தோற்கும் பாட்டியர் உண்டு. அதனைக் குழந்தை எளிதில் கண்டுகொள்ளும், பின்னர் தன் வெற்றியையே நம்பாது. மெய்யாக ஆடித் தோற்பதும், தோற்றபின் மலர்ந்த முகத்தோடு இருப்பதுமே பாட்டி தரக்கூடிய பெரிய பாடம். உத்தம பொறுமை நூலில் படிக்கப்படுவதற்கு முன் ஒரு முகத்தில் காணப்பட வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் வென்றவரும் தோற்றவரும் சேர்ந்தே காய்களை எண்ணிப் பெட்டியில் இடலாம். பல்லாங்குழியில் யாரிடம் எத்தனை சேர்ந்திருந்தாலும், பெட்டிக்குள் திரும்புவன அதே 84 காய்களே. ஒருவருக்கும் ஒன்றும் கூடவில்லை, ஒன்றும் குறையவில்லை. சேர்ந்து கழித்த அந்த மாலைப்பொழுது மட்டும் இருவருக்கும் சொந்தமாகிறது. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பும் குடும்பங்கள், பரண்மேல் கிடக்கும் பல்லாங்குழிப் பலகையை இறக்கித் தூசி துடைத்து இன்று மாலையே தொடங்கலாம்.