அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்



எனக்கு முன்பு பேசிய நண்பர், "தில்லியில் நம் பழைய கிட்வாய் நகர் போல வருமா?" என்று பெருமூச்சு விட்டார். வேப்பமர நிழல், கோடை இரவில் வாசலில் கயிற்றுக் கட்டில், எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தப் பெருமூச்சு எப்போதும் ஆண்கள் பக்கமிருந்தே வருகிறது, கவனித்தீர்களா?

என் அம்மாவைக் கேளுங்கள். கும்பகோணத்தில் புறப்பட்டு, ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு உட்கார்ந்து, ஒரு குமாஸ்தாவின் மனைவியாக இங்கே வந்து இறங்கியவர். விடிவதற்குள் அங்கீட்டி அடுப்பில் கரி மூட்டி, புகை அடங்கும்வரை வாசலில் வைத்து விசிற வேண்டும். பால் பூத்தில் டோக்கனோடு வரிசை. ஜனவரியில் கை விறைக்கும் தண்ணீரில் பாத்திரம். தில்லிக் குளிரில் இட்லி மாவு பொங்காது. எங்களுக்கு முன்னால் மாவுக்குத்தான் கம்பளி! ஊரில் பாட்டி இறந்தபோது தந்தி வந்தது. அம்மா ரயிலேறிப் போய்ச் சேர்வதற்குள் பாட்டியை எடுத்துவிட்டார்கள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நம் கிட்வாய் நகருக்குப் பெயர் தந்த ரஃபி அகமது கிட்வாயை நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1952இல் சென்னை மாநிலத்தில் முதல்வர் ராஜாஜி அரிசி ரேஷனை நீக்கியபோது மத்திய உணவு அமைச்சர் அவர்தான். அதற்கு முன்பு தபால், தொலைபேசித் துறையைக் கவனித்தவர். சோறும் சேதியும்: ஊரைவிட்டு வந்த குடும்பத்துக்கு வேறென்ன கவலை?

இன்று கிழக்கு கிட்வாய் நகரில் பழைய குவார்ட்டர்ஸ் போய் அடுக்குமாடிகள் நிற்கின்றன. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காய், பக்கத்திலேயே 2010இல் வந்த மெட்ரோ. அம்மா ஸ்விட்சைத் தட்டி வெந்நீர் பிடிக்கிறார். கும்பகோணத்துத் தங்கையைக் கைபேசியில் முகம் பார்த்துத் திட்டுகிறார். இதை வசதி என்று சொல்ல நமக்கு ஏன் கூச்சம்? எளிமை நாமாகத் தேர்ந்தெடுத்தது அல்ல. அன்று காசு இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் இந்த வசதி எல்லோருக்கும் வரவில்லை. இதே தில்லியில், ஜங்புராவின் மதராசி கேம்ப் குடிசைப் பகுதி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. நம்மைப் போலவே பிழைக்க வந்த தமிழர்கள் அவர்கள். நம் வீடுகளில் பாத்திரம் தேய்த்த கைகளும் அங்கே உண்டு. ஏறத்தாழ 370 குடும்பங்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கே மாற்று வீடு. அதுவும் நகரின் வடகோடியில், நரேலாவில். வேலையும் பள்ளியும் இங்கே, வீடு அங்கே.

விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: இந்தப் பொங்கல் வசூலில் ஒரு பங்கை அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுடைய பஸ் செலவுக்கு ஒதுக்குங்கள். முதல் தொகையை அம்மா என்னிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.