யார் செலவில் படித்தோம்?

கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே, அவர்களைவிட அதிகமாக வியர்த்தபடி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே!

இந்த ஆண்டு உளவியல் துறையில்தான் கூட்டம் அதிகம் என்று கல்லூரி முதல்வர் சொன்னார். அதனால் இந்தப் பேச்சு பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளுக்கு. வணிகவியல்காரர்கள் மன்னிக்க வேண்டும். கடனைப் பற்றியும் பேசுவேன், கேட்டுக்கொண்டிருங்கள்.

நான் உசிலம்பட்டி ரோட்டில் செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமத்துக்காரன். வீட்டில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வட்டி. அந்த வீட்டுப் பையனை டாக்டராக்கியது இந்திய ராணுவம். 1948-ல் தொடங்கிய புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்தேன். கட்டணம் இல்லை, விடுதிச் செலவு இல்லை. பதிலுக்கு, படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் பணியாற்றுவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பா கைநாட்டு வைக்கும்போது, "இதுல நிலத்தைப் பத்தி ஏதும் எழுதியிருக்காய்யா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பிறகு மனநல மருத்துவத்தில் எம்.டி. படித்ததும் பணியில் இருந்துகொண்டே, சம்பளத்தோடுதான். ஆக, என் படிப்புக்கு நான் கையிலிருந்து எதுவும் கட்டவில்லை.

வடக்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் இருந்தேன். ஒருநாள் ஒரு ஹவில்தார் வந்தார். மூன்று வாரமாகத் தூக்கமில்லை. இந்தியில் ஆரம்பித்தவர், என் மேசையில் இருந்த பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "சார், நம்ம ஊர்ப் பக்கமா?" பேரையூர்க்காரர். அதன்பிறகு முக்கால் மணி நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. பனிச்சரிவில் போன கூட்டாளியைப் பற்றிச் சொன்னார். கண்ணை மூடினால் அவன் குரல் கேட்கிறது என்றார். சொல்லி முடித்து மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவர், நான் பேனாவை எடுப்பதைப் பார்த்துவிட்டார்.

"சார், எழுதிராதீங்க சார். நாயிப் சுபேதார் புரமோஷன் லிஸ்ட்ல பேரு இருக்கு."

இது ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். ராணுவத்தில் ஒருவரின் தகுதியை ஐந்து எழுத்தில் அடக்கி 'ஷேப்' என்பார்கள். முதல் எழுத்தான எஸ், மனம். அப்புறம் காது, கை கால், உடல் வலு, கண். ஐந்துக்கும் எதிரே 1 இருந்தால் ஷேப்-1. எங்காவது 2, 3 விழுந்தால் 'லோ மெடிக்கல் கேட்டகரி'. பாரக்கில் அதையே "கேட்டகரி ஆயிட்டான்" என்று சுருக்கிச் சொல்வார்கள். காது மந்தமாகிக் கேட்டகரி ஆனவனைப் பார்த்து ஐயோ பாவம் என்பார்கள். எஸ்ஸில் விழுந்தவனிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள்.

நான் எழுதினேன். எஸ்-3, 24 வாரத்துக்கு. துப்பாக்கியோடு இரவுக் காவல் நிற்கிற மனுஷன்; எழுதாமல் விட்டு ஏதாவது ஆகியிருந்தால்? எழுதியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவர் மனசைத் திறந்தது ஊர்க்காரனிடம். நான் எழுதிக் கொடுத்ததோ என்னைப் படிக்க வைத்தவர்களிடம். மருந்திலும் ஓய்விலும் அவர் தேறினார், அந்த வருட லிஸ்ட் போய்விட்டது. போன தை மாதம் திருமங்கலத்தில் ஒரு வங்கி வாசலில் காவலாளி உடுப்பில் அவரைப் பார்த்தேன். விறைப்பாக நின்று சல்யூட் அடித்துவிட்டு, "டீ சாப்பிடுவோமா சார்?" என்றார். சாப்பிட்டோம். அந்த நாளைப் பற்றி இருவருமே பேசவில்லை.

படைவீரனின் மனசைக் கேட்கிறவருக்குப் படையே சம்பளம் கொடுக்கிற இந்தச் சங்கடத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நம் நீலகிரிக்கு 1901-ல் ரிவர்ஸ் என்று ஓர் ஆங்கிலேயர் வந்தார். தோடர்களோடு மாதக்கணக்கில் பழகி, யாருக்கு யார் என்ன உறவு என்று கேட்டுக் கேட்டு எழுதி, 1906-ல் பெரிய புத்தகமாகப் போட்டார். அதே ரிவர்ஸ் முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவ கேப்டன். எடின்பரோ பக்கத்தில் கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில், குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கிய அதிகாரிகளைப் பேசவைத்தே குணப்படுத்தினார். போரைக் கண்டித்து அறிக்கைவிட்ட கவிஞர் சசூனும் 1917-ல் அவரிடம்தான் அனுப்பப்பட்டார். குணமானவர்கள் எங்கே போனார்கள்? பலர் திரும்பவும் படைக்கே. சசூனும் போனார், 1918-ல் தலையில் குண்டடி பட்டார். கேட்பதில் கெட்டிக்காரரான ரிவர்ஸுக்கும் சம்பளம் கொடுத்தது ராணுவம்தான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, அப்படிக் கேட்கிறவர்களைத் தன் செலவில் படிக்க வைப்பதை அமெரிக்கா திட்டம் போட்டே செய்தது. முன்னாள் வீரர்களைக் கவனிக்க ஆள் போதாமல், அவர்களுக்கான அரசுத் துறை 1946-ல் 22 பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து சுமார் 200 மாணவர்களுக்குப் பணம் கொடுத்து மருத்துவ உளவியல் படிக்க வைத்தது. அந்த நாட்டில் மருத்துவ உளவியல் ஒரு தொழிலாக நிமிர்ந்து நின்றது அந்தப் பணத்தில்தான் என்று சொன்னால் மிகையில்லை. இன்று அங்கே பெதஸ்டாவில் ராணுவமே நடத்தும் மருத்துவப் பல்கலைக்கழகத்தில், சீருடையோடும் சம்பளத்தோடும் அதிகாரிகள் மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் படிக்கிறார்கள்.

நம் ராணுவத்துக்கும் உளவியல் புதிதல்ல. 1943-லேயே டேராடூனில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க உளவியல் சோதனை வைத்துப் பார்த்தார்கள். 1949-ல் தொடங்கிய ஆய்வுப் பிரிவுதான் இன்று டெல்லியில் டி.ஆர்.டி.ஓ.வின் உளவியல் ஆய்வு நிறுவனம். அதிகாரித் தேர்வான எஸ்.எஸ்.பி.க்குப் போய் வந்த பிள்ளைகள் இங்கே இருந்தால் தெரியும்: பதினைந்து வினாடிக்கு ஒரு சொல், மொத்தம் அறுபது சொல், மனதில் தோன்றியதை எழுது. ஆள் எடுப்பதில் அவ்வளவு அக்கறை. எடுத்த ஆள் பதினைந்து வருடம் கழித்து ராத்திரியில் அலறினால் பார்ப்பதற்கு என்னைப்போல எம்.டி. படித்த சில மனநல மருத்துவர்களும், குறுகிய பயிற்சி பெற்ற ஆலோசகர்களும்தான். மனநல மருத்துவருக்கு ராணுவத்தில் போட்டிருக்கும் ரோடு மருத்துவ உளவியலாளருக்கு இன்னும் மண்பாதையாகத்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் புனே கல்லூரியிலேயே படைவீரர்களுக்கென்று டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைப் பிரிவு திறந்தார்கள், எண் 14416. நல்ல காரியம். ஆனால் போனை எடுப்பவர் ஒருவர் வேண்டுமே.

வருடத்துக்கு அறுபது நாள் லீவில் சித்திரைத் திருவிழாவுக்கு வந்து போகிறவர்கள் படையில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள். "தூக்கத்துல கத்துறாரு" என்று பெண்டாட்டி சொன்னால், மேலமடை பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டிக்கொண்டு வருவார்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். அங்கே சொல்வதை யாரும் ஃபைலில் எழுதுவதில்லை, அதற்காகவே பலர் அங்கே போகிறார்கள் என்பது என் அனுமானம்.

அதனால் ராணுவத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை இது. மருத்துவ உளவியல் படிக்க அதிகாரிகளை அனுப்புங்கள். கட்டணம் கட்டுங்கள், சம்பளம் கொடுங்கள், பத்திரமும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தகுதிச் சான்று எழுதுகிறவரும் உட்கார்ந்து கேட்கிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். அந்த இரண்டு நாற்காலியிலும் நானே உட்கார்ந்ததன் விலையை ஒரு ஹவில்தார் கொடுத்தார்.

பட்டதாரிகளே, உங்களில் சிலர் மேலே படித்து, மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்து, மருத்துவ உளவியலாளர் ஆவீர்கள். ராணுவமோ, துணை ராணுவமோ, போலீஸோ, ஒரு கம்பெனியோ உங்கள் படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ளக்கூடும். வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் வாங்கிப் படித்தவன்தான். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. விதிவிலக்குகளும் அதே பிரிவில் இருக்கின்றன. இரண்டையும் படியுங்கள். பிறகு, பத்திரம் உங்கள் முன்னால் வரும்போது என் அப்பா நிலத்தைப் பற்றிக் கேட்டதுபோல நீங்களும் ஒன்று கேளுங்கள்: என் எதிரில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதை நான் எழுதி வைத்தால், அந்த ஃபைலை யார் யார் பார்ப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.