தி. ஜானகிராமன்

எழுத்தாளர் தி. ஜானகிராமன் 1921-இல் பழைய தஞ்சை மாவட்டத்துத் தேவங்குடியில் பிறந்தார். கும்பகோணம் அரசினர் கல்லூரியில் படித்தார். ஏறத்தாழ பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியர். பிறகு அகில இந்திய வானொலியில் கல்வி ஒலிபரப்புப் பணி, முதலில் சென்னையில், பின்னர் தில்லியில்.

அவருடைய 'மோகமுள்' நாவல் சுதேசமித்திரன் இதழில் தொடராக வந்தது. கும்பகோணத்துத் தெருக்களில் நடக்கும் கதை. பாபு என்ற இளைஞன், அவனைவிட மூத்த, மராட்டியத் தாய்க்குப் பிறந்த யமுனா, சங்கீதமே மூச்சான ஆசான் ரங்கண்ணா ஆகியோர் அதில் வாழ்கிறார்கள். கர்நாடக இசையை இவ்வளவு உள்ளிருந்து எழுதிய தமிழ் நாவல் வேறில்லை என்றே சொல்லலாம். ஜானகிராமன் முறையாகப் பாட்டுக் கற்றவர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். 1995-இல் ஞான ராஜசேகரன் இதைத் திரைப்படமாக்கினார்.

காவிரிக்கரை வேத பாடசாலையில் தொடங்கும் 'அம்மா வந்தாள்' நாவல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 'மரப்பசு', 'செம்பருத்தி', 'நளபாகம்' ஆகிய நாவல்கள் தொடர்ந்தன. எழுத்தாளர் சிட்டியுடன் காவிரி நெடுகப் பயணம் செய்து எழுதியது 'நடந்தாய் வாழி காவேரி'. ஜப்பான் பயண அனுபவம் 'உதயசூரியன்' ஆயிற்று.

நாவல்களால் புகழ்பெற்ற அவருக்கு 1979-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது 'சக்தி வைத்தியம்' என்ற சிறுகதைத் தொகுப்புக்கு. அது பொருத்தமே; சிறுகதையிலும் அவர் முதல் வரிசைக்காரர். 1982 நவம்பரில் காலமானார்.